வெறும் பெட்டிக்கு ஒன்று

அன்ரன் அண்ணை களஞ்சியத்துக்குள் போய் நெடுநேரமாகியும் திரும்பி வரவில்லை.

கடை மேசைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் யோகமக்கா. நீர்வேலியிலிருந்து உரும்பிராய் வரை வெயிலுக்குள் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து புருவம் வரைக்கும் இறங்கியிருந்தது. உள்ளங்கையில், கிழிந்த சேலைத் துண்டில் சுற்றி, உடைந்த சீல் ஒன்றை வைத்திருந்தார்.

சீல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினில், சுழலும் தண்டைச் சுற்றி இருக்கும் சின்ன வளையம் அது. மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அது பழுதானால் மெசின் ஊர் கேட்கக் கத்தும். ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே ஏறாது.

"நாளைக்கு விடியவெல்லே பிள்ளை என்ரை இறைப்பு முறை," என்றார் யோகமக்கா. "போன முறை பாதியிலை மெசின் நிண்டு போச்சு. வெங்காயம் அம்பது நாள். இந்தத் தண்ணியும் விடாட்டி அவ்வளவுதான். நீ இருக்கெண்டு சொன்னாப் பிறகுதான் எனக்குச் சீவன் வந்தது."

முதல் நாள் காலையில் தொலைபேசியில் "ஒண்டு இருக்குது, வாங்கோ" என்று சொன்னது நான்தான். கணினித் திரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அன்ரன் அண்ணை வந்தார். சின்னக் கடதாசிப் பெட்டியொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் மூடியைத் திறந்தேன். உள்ளே தூசி மட்டும் இருந்தது.

"என்னண்ணை இது? கொம்பியூட்டரிலை ஒண்டெண்டு கிடக்கு. ஆருக்கும் குடுத்தனீங்களோ?"

"குடுக்கேல்லைத் தங்கச்சி."

"அப்ப எங்கை அது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது நான் போட்ட ஒண்டு."

கணினி வந்த வரலாறு

போன கிழமை இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் கடை திறந்த கதையை எழுதியதிலிருந்து அன்ரன் அண்ணை முகத்தை நீட்டிக்கொண்டு திரிகிறார். கடையின் கூரைத் தகரத்தைப் பற்றி மூன்று பந்தி எழுதினேனாம். அவரைப் பற்றி ஒரே ஒரு வரியாம். சரி, இந்தக் கிழமை முழுவதும் அவர்தான். வாசித்துவிட்டு முகம் இன்னும் நீண்டால் நான் பொறுப்பில்லை.

எங்கள் கடையில் இறைப்பு மெசின்களுக்கான உதிரிச் சாமான் மட்டும்தான் விற்கிறோம். வாசர், பிஸ்டன், பிளக், கேபிள், குழாய்க் கிளிப், சீல் என்று ஆயிரத்தெட்டுச் சின்னச் சாமான். அன்ரன் அண்ணை குருநகர்க்காரர். கடலுக்குப் போகிற வள்ளங்களின் எஞ்சின் திருத்திப் பழகிய கை. கடை திறந்த நாளிலிருந்து களஞ்சியம் அவருடைய பொறுப்பு. வயதில் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு மூப்பு. அதனால் நான் முதலாளி, அவர் அண்ணை. திட்டுவது நான், கோபித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்காமல் இருப்பது அவர்.

எந்தச் சாமான் எந்தத் தட்டில், எந்தப் பெட்டியில், எத்தனை என்று அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். இல்லாத சாமானும் அவருக்குத் தெரியும். அதுதான் பெரிய விஷயம். ஒருவர் வந்து எங்களிடம் இல்லாத ஒன்றைக் கேட்டால், "தேத்தண்ணி குடியுங்கோ, வாறன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். டவுனில் எந்தக் கடையில், எந்த மூலையில் அது கிடக்குமென்று அவருக்குத் தெரியும். ஒன்றரை மணித்தியாலத்தில் கொண்டுவந்து கொடுப்பார். அவர்களும் அப்படித்தான், எங்களிடம் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு டெங்கு வந்தது. பதினைந்து நாள் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்தார். அந்தப் பதினைந்து நாளும் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. என் சொந்தக் கடையிலேயே நான் களவெடுக்க வந்தவள் மாதிரிப் பெட்டி பெட்டியாகத் துழாவிக்கொண்டு நின்றேன். ஒரு கிளிப் எடுக்க ஒரு மணித்தியாலம். கடைசியில் அவர் வீட்டுக்கு அழைப்பு எடுத்து, "அண்ணை, மன்னியுங்கோ, நாலாம் நம்பர் வாசர் எங்கை?" என்று கேட்பேன். காய்ச்சலில் முனகிக்கொண்டு, "மேல் தட்டு, பச்சைப் பெட்டிக்குப் பின்னாலை" என்பார். அங்கேதான் இருக்கும்.

இந்த மனிசனுக்கு ஏதாவது நடந்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்ற பயம் எனக்கு அப்போதுதான் பிடித்தது. அவர் எழும்பி நடமாடியவுடனே, கொக்குவிலில் கடைகளுக்கு மென்பொருள் போட்டுக் கொடுக்கிற ஒரு தம்பியைக் கூப்பிட்டேன்.

தம்பி வந்து விளங்கப்படுத்தினான். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பெயர், ஒரு தட்டு இலக்கம், கையிருப்பு எத்தனை. வந்தால் கூட்டும், விற்றால் கழிக்கும். குறைந்துகொண்டு போனால் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கும். முடிந்துவிட்டால் அந்த வரி சிவப்பாகி, "இல்லை" என்று எழுதிக் காட்டும்.

"எல்லாம் தமிழிலை போட்டிருக்கிறன் அன்ரி," என்று பெருமைப்பட்டான்.

அன்ரன் அண்ணை என் கதிரைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மூன்று நாள் கடையைப் பாதி பூட்டி எண்ணினோம். அவர் களஞ்சியத்துக்குள் ஏணியில் ஏறி நின்று எண்ணி ஒரு கொப்பியில் எழுதுவார். நான் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வேன். அவருடைய எழுத்து முத்து முத்தான எழுத்து. கோயில் பாட்டுக் கொப்பி எழுதிப் பழகியவர். வரிசையாகப் பதினாறு, நாற்பது, ஒன்று, ஏழு, ஒன்று, ஒன்று என்று வந்துகொண்டிருந்தது. இவ்வளவு சாமானில் இத்தனை ஒன்றுகள் ஏன் வருகின்றன என்று எனக்கு ஒரு சந்தேகமாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதுகு வலிதான் வந்தது.

நான் தடைசெய்த சொல்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

யுத்தமும் பொருளாதாரத் தடையும் இருந்த காலம். எனக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதிருக்கும். அப்பாவின் இறைப்பு மெசினுக்கு ஒரு பிளக் தேவைப்பட்டது. பயிர் வாடிக்கொண்டிருந்தது. அப்பாவும் நானும் ஆளுக்கொரு சைக்கிளில் வெளிக்கிட்டோம். அந்த நாளில் ஒரு பிளக் என்பது பவுனுக்குச் சமம்.

முதலாவது கடையில் "இல்லை". இரண்டாவது கடையில் "இல்லை". மூன்றாவது கடைக்காரர் அப்பா வாயைத் திறக்கும் முன்பே கையை விரித்தார். எத்தனை கடை ஏறி இறங்கினோமென்று இப்போது ஞாபகமில்லை. ஒரு கடையில் மட்டும் ஒரு மனிதர், "இப்ப கைவசம் இல்லை ஐயா, ஆனா இருங்கோ, ஒருக்கா யோசிச்சுப் பாப்பம்" என்று எங்களுக்குத் தண்ணீர் தந்து இருத்தினார். அவராலும் எடுத்துத் தர முடியவில்லை. ஆனால் திரும்பி வரும்போது அப்பா அந்த மனிதரைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு வந்தார். மற்றக் கடைக்காரர்களைத் திட்டக்கூட இல்லை.

அதனால் பல வருடங்களுக்குப் பிறகு நான் கடை திறந்த முதல் நாள், சாமி படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு அன்ரன் அண்ணையிடம் ஒரே ஒரு சட்டம் சொன்னேன்.

"அண்ணை, இந்தக் கடையிலை 'இல்லை' எண்ட சொல்லு வரப்படாது. 'எடுத்துத் தரலாம்' எண்டு சொல்லுங்கோ, 'பாப்பம்' எண்டு சொல்லுங்கோ. என்னவெண்டாலும் சொல்லுங்கோ. ஆனா ஒருத்தரையும் அந்தச் சொல்லோடை திருப்பி அனுப்பக் கூடாது."

"ஓம் தங்கச்சி," என்றார்.

சொன்ன நான் அதை மறந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அவர் மறக்கவில்லை.

முதல் நாள் அழைப்பு

யோகமக்காவுக்கும் அவருடைய அண்ணர் தவராசாவுக்கும் நீர்வேலியில் தகப்பன் வழி வந்த தோட்டக்காணி. நடுவில் ஒரு வேலி. கிணறு மட்டும் பொது. எங்கள் பக்கத்தில் இதைப் பங்குக் கிணறு என்போம். ஒருவர் இறைக்கும் நாளில் மற்றவர் இறைக்க முடியாது. தகப்பன் எழுதிவைத்தபடி யோகமக்காவுக்கு நாலு நாளுக்கு ஒரு முறை. மிச்ச நாட்களில் தன் பங்குக்கும் கனடாவிலிருக்கும் தம்பியின் பங்குக்கும் தவராசா அண்ணை இறைப்பார். அவரவர் மெசினை அவரவர் கொண்டுவந்து வைத்து இறைக்க வேண்டும்.

வேலி என்றால் சண்டை இருக்கும்தானே. பதினொரு வருடத்துக்கு முன் தவராசா அண்ணை வேலி அடைத்தபோது ஒரு முழம் தங்கை பக்கம் தள்ளிக் கதியால் தடிகளை நட்டுவிட்டார் என்பது யோகமக்காவின் கட்சி. இல்லை, பழைய அடையாளத்தில்தான் போட்டேன் என்பது அவருடைய கட்சி. யோகமக்கா ஒரு நாள் காலையில் போய்ப் பத்துப் பன்னிரண்டு கதியாலைப் பிடுங்கி அண்ணரின் வாழைக்குள் எறிந்துவிட்டு வந்தார். அன்றோடு கதை பேச்சு இல்லை. தங்கையின் மகளுடைய கலியாணத்துக்கு அண்ணர் வரவில்லை. அண்ணருக்குக் கண் ஒப்பரேசன் செய்தபோது தங்கை எட்டிப் பார்க்கவில்லை. ஒரே கிணற்றில் இருவரும் இறைக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

அழைப்பு வந்த அன்று, செவ்வாய்க்கிழமை, அன்ரன் அண்ணை லீவு. பேத்தி மாதா கோயிலில் முதல் நன்மை வாங்குகிற நாள், அங்கே நின்றார். நான் தனியாக இருந்தேன். காலை ஒன்பது மணியளவில் யோகமக்கா அழைப்பு எடுத்தார். மெசின் நின்றுவிட்டது, சீல் போய்விட்டது, பழைய மொடல் மெசின், சாமான் இருக்குமோ என்று கேட்டார்.

நான் தட்டிப் பார்த்தேன். ஒன்று.

"இருக்குது அக்கா. ஒண்டு இருக்குது."

"வடிவாப் பாத்துச் சொல்லு பிள்ளை. எங்கடை ஒழுங்கையிலை வான் ஓடுற பெடியன் இண்டைக்குப் பின்னேரம் கொழும்புக்குப் போறான். அங்கை பழைய சாமான் கடையளிலை ஏறி இறங்கி எப்பிடியும் எடுத்துக்கொண்டு வருவான். வியாழன் விடிய வந்திடுவான். அவனிட்டையும் ஒருக்காச் சொல்லி வைக்கவோ?"

"ஏனணை அக்கா கொழும்புக்கு? கொம்பியூட்டர் என்ரை கண்ணுக்கு முன்னாலை ஒண்டெண்டு காட்டுது. அதென்ன என்னைப் போலை வாய்க்கு வந்ததைச் சொல்லுமே? நாளைக்கு வாங்கோ."

அந்தக் கணினியைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் திரையைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்த காலம். வான் அன்று பின்னேரம் போய்விட்டது. யோகமக்கா அந்தப் பெடியனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் போட்ட ஒன்று

இனித் திரும்பி மேசையடிக்கு வருகிறேன். புதன்கிழமை காலை. வெறும் பெட்டி திறந்தபடி கிடக்கிறது.

"நீங்கள் போட்ட ஒண்டெண்டா என்னண்ணை அர்த்தம்?"

"எண்ணேக்கை பெட்டி வெறுமையாத்தான் கிடந்தது. பூச்சியம் போட்டா அந்த வரி சிவப்பாகி 'இல்லை' எண்டு காட்டுமெண்டு தம்பி சொன்னவரெல்லே. நீங்கள் கடை திறந்த அண்டைக்கு என்ன சொன்னனீங்கள்? அந்தச் சொல்லு இந்தக் கடையிலை வரப்படாதெண்டு. அதுதான் வெறும் பெட்டிக்கெல்லாம் ஒண்டு ஒண்டு போட்டு விட்டனான். ஒண்டெண்டு கிடந்தா, நான் எங்கையும் எடுத்துத் தருவன் எண்டு அர்த்தம்."

எனக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது.

"உங்களுக்கென்ன விசரே அண்ணை? எண்ணச் சொன்னா எண்ண வேண்டியதுதானே! அது மெசின். உங்கடை மனசிலை கிடக்கிறது அதுக்கென்னெண்டு தெரியும்? இப்ப இந்த மனிசியிட்டை நான் என்னத்தைச் சொல்ல?"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவரின் முன்னால், அறுபது தாண்டிய மனிதரை அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரியும், சட்டம் போட்டது நான், அவர் கீழ்ப்படிந்தவர். தெரிந்ததால்தான் இன்னும் உரத்துக் கத்தினேன் என்று நினைக்கிறேன்.

யோகமக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இல்லையோ பிள்ளை?"

அவரே தலையை ஆட்டிக்கொண்டார். சேலைத் துண்டில் அந்த உடைந்த சீலைத் திரும்பவும் சுற்றினார். "வான்காரனும் போயிட்டான்," என்று தனக்குத்தானே சொன்னார். ஒரு வசை, ஒரு சாபம் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் வாங்குப் பலகையில் போய் இருந்துவிட்டார்.

அன்ரன் அண்ணை அதற்குள் சைக்கிளை எடுத்துவிட்டார். டவுன், திருநெல்வேலி, கோண்டாவில், மருதனார்மடம் என்று மத்தியானம் வரை ஓடினார். நான் கொழும்புக்கு அழைப்பு எடுத்தேன். பழைய மொடல், தேடி எடுக்க வேண்டும், சனிக்கிழமை பஸ்ஸில்தான் போட்டுவிடலாம் என்றார்கள். வாடகைக்கு மெசின் விடுகிற இரண்டு பேருக்கு எடுத்தேன். அந்த வெயிலில் எல்லா மெசினும் ஏதோவொரு தோட்டத்தில் நின்றது.

அன்ரன் அண்ணை ஒன்றரை மணிக்கு வெறுங்கையோடு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"அக்கா," என்று மெல்லக் கேட்டேன், "உங்கடை அண்ணரிட்டை..."

"அந்த வீட்டுப் படலைக்கு நான் போகமாட்டன்," என்றார் யோகமக்கா. "வெங்காயம் கருகினாக் கருகட்டும். இந்தக் காணியைக் குத்தகைக்குக் குடுத்திட்டு மகளிட்டைப் போய் இருக்கிறன். அவள் எத்தினை நாளாக் கேக்கிறாள்." சொல்லிவிட்டு எழும்பிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெங்காயம் மட்டுமல்ல, அந்த மனிசி தோட்டத்தையே விட்டுப்போகப் போகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவும் நான் சொன்ன ஒரு பொய்யால்.

வாழைக்குள்

நானும் அன்ரன் அண்ணையும் ஓட்டோ பிடித்து நீர்வேலிக்குப் போனோம். வழியில் நான் சொன்னேன்: "அண்ணை, நான் அப்பிடிக் கத்தியிருக்கக் கூடாது."

"விடுங்கோ தங்கச்சி. கடை திறந்த நாளிலையிருந்து கத்திறியள். நான் எண்ணி வைக்கேல்லை."

தவராசா அண்ணை வாழைக்குள் நின்று சருகு வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கத்தியை வாழையில் குத்திவிட்டு வந்தார்.

"சாமான் கடைக்காரப் பிள்ளையெல்லே? என்ன, இஞ்சாலைப் பக்கம்?"

நான் சுற்றி வளைக்கவில்லை. கணினியில் ஒன்று என்று கிடந்ததையும், பெட்டி வெறுமையாக இருந்ததையும், வான்காரன் போனதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். "என்னட்டை இல்லை. இருக்கெண்டு சொல்லி அவவை ஏமாத்திப் போட்டன். உங்கடை மெசினை நாளைக்கு மட்டும் தாறியளோ?"

"அவ அனுப்பினவவோ?"

"அவவுக்குத் தெரியாது."

அவர் வேலிப் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். கதியால்களுக்கு இடையால் பாத்தி பாத்தியாக வெங்காயம் தெரிந்தது. தாள்களின் நுனி மஞ்சளாகிச் சாய்ந்திருந்தது.

"நான் மூண்டு நாளாப் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்," என்றார். "அவவின்ரை மெசின் கத்தின கத்திலையே எனக்குத் தெரியும், சீல் பழுதாப் போச்சுதெண்டு. என்ரை முறைத் தண்ணியை அந்த வாய்க்காலிலை திருப்பி விடுவமோ எண்டுகூட நினைச்சனான். விட்டா மண்வெட்டியோடை வந்து மறிப்பா."

அவர் போய்க் குத்திவைத்த கத்தியை உருவிக்கொண்டு வந்தார்.

"மெசினைக் கொண்டு போங்கோ. ஆனா நான் தந்ததெண்டு சொல்லப்படாது. சொன்னாத் தொடமாட்டா. கடையிலை இருந்த மெசின் எண்டு சொல்லுங்கோ."

அன்ரன் அண்ணை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருக்கிறதை மட்டும்தான் இனி இருக்கிறது என்று சொல்வேனென்று ஓட்டோவுக்குள் இருந்து சத்தியம் செய்துகொண்டு வந்தவள் நான். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

"சரியண்ணை," என்றேன். "கடை மெசின்."

வியாழன் காலை

விடிய ஆறு மணிக்கு ஓட்டோவில் மெசினை ஏற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போனோம். யோகமக்கா மண்வெட்டியோடு வரம்பில் குந்தியிருந்தார். இறைக்க ஒன்றுமில்லாவிட்டாலும் தன் முறைக்கு வந்துவிட்டார்.

"அக்கா, கடையிலை ஒரு மெசின் கிடந்தது. இரவலாக் கொண்டு வந்தனான்."

அவர் மெசினைப் பார்த்தார். பச்சைப் பெயின்ற். அதே நிறத்தில் ஊரெல்லாம் மெசின் உண்டு. அன்ரன் அண்ணை குழாயை இறக்கிப் பூட்டினார். யோகமக்கா தானே கயிற்றை இழுத்தார்.

மெசின் பிடித்தது. சீராக ஓடி, இடைக்கிடை ஒரு தும்மல் தும்மியது. யோகமக்காவின் கை கயிற்றோடு அப்படியே நின்றுவிட்டது. பதினொரு வருடமாக வேலிக்கு அப்பால் கேட்ட சத்தம். ஒவ்வொரு முறையும் காதில் விழுந்த தும்மல். அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

நிறுத்திவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

தண்ணீர் வந்து தொட்டியில் விழுந்தது. வாய்க்காலில் ஓடியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து முதல் பாத்தியின் வாயை வெட்டினார்.

"உன்ரை கடை மெசின் பரவாயில்லைப் பிள்ளை," என்றார், என் பக்கம் திரும்பாமல்.

அன்று பின்னேரமே மெசின் கடைக்கு வந்துவிட்டது. கழுவித் துடைத்து, எண்ணெய்த் தாங்கியை நிரப்பி யோகமக்காவே ஓட்டோவில் கொண்டுவந்தார். போகும்போது சொன்னார்: "இந்த மெசின்ரை ஆளிட்டைச் சொல்லு, உறிஞ்சிற குழாய்க் கிளிப் தளர்ந்து காத்து இழுக்குதெண்டு. அதுதான் தும்முது. கன காலமாத் தும்முது."

மெசினைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நான் அதை அப்படியே தவராசா அண்ணையிடம் சொன்னேன். அவர் கிளிப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். "கன காலமா எண்டு சொன்னவவோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

திரும்ப எண்ணினோம்

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அன்ரன் அண்ணையும் களஞ்சியம் முழுவதையும் புதிதாக எண்ணினோம். இந்த முறை நானும் ஏணியில் ஏறினேன். வெறும் பெட்டிகளுக்குப் பூச்சியம் போட்டோம். திரையில் சிவப்பு வரிகள் அடுக்கடுக்காக வந்தன. அன்ரன் அண்ணை அதைப் பார்க்கப் பிடிக்காமல் வெளியே போய் நின்றார்.

கொக்குவில் தம்பியைக் கூப்பிட்டு, "இல்லை" என்ற சொல்லின் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடச் சொன்னேன். எங்கே எடுக்கலாம் என்பதற்கு. அன்ரன் அண்ணை சொல்லச் சொல்ல நிரப்பினேன். இந்த வாசர் இன்ன கடையில் பின்பக்க அலுமாரி. அந்தக் கேபிள் இன்னாரிடம், ஆனால் காலையில் கேட்க வேண்டும், பின்னேரம் ஆள் எரிந்து விழுவார். இப்படியே இரண்டு கிழமை எழுதினோம். அந்த மனிசனின் தலைக்குள் இருந்த யாழ்ப்பாணம் அவ்வளவு பெரிதென்று எனக்கு அதுவரை தெரியாது. கையிருப்பை எண்ணச் சொன்னேனே தவிர, இதை எழுதச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

யோகமக்காவின் சீல் சொன்னபடி சனிக்கிழமை பஸ்ஸில் வந்தது. அன்றே அழைப்பு எடுத்தேன். "வாறன் பிள்ளை," என்றார். வரவில்லை. அடுத்த முறைக்கு முதல் நாள் ஓட்டோ வந்தது, "கடை மெசின்" கேட்டு. நான் தவராசா அண்ணையிடம் எடுத்து அனுப்பினேன். கிளிப் புதிதாக இருந்தது. அதற்கடுத்த முறையும் அப்படியே.

மூன்றாவது முறைக்கு ஓட்டோ வரவில்லை. எனக்குப் பதற்றம் பிடித்துவிட்டது. காலையிலேயே அழைப்பு எடுத்தேன். அந்தப் பக்கம் மெசின் ஓடுகிற சத்தம். தும்மல் இல்லை.

"அக்கா, என்ன மெசின் ஓடுது?"

"உன்ரை கடை மெசின்தான். நேற்று வேலிக்கு அங்காலை ஆளின்ரை முறை முடிஞ்சாப் பிறகும் கிணத்தடியிலேயே விட்டுக்கிடந்தது. குழாயும் பூட்டினபடி. ஆரோ எடுக்க மறந்து போச்சினம் போலை."

"அப்ப உங்கடை சீல் இஞ்சை வந்து கனநாளாக் கிடக்குது அக்கா. எடுத்துப் பூட்டேல்லையோ?"

மண்வெட்டி பாத்தியின் வாயை வெட்டுகிற சத்தம் கேட்டது.

"அதுக்கிப்ப என்ன அவசரம் பிள்ளை?" என்றார் யோகமக்கா. "மெசின் ஓடுதுதானே."